ஷோரூமுக்குப் போன முள்ளுக்கட்டு

ராணிப்பேட்டையிலிருந்து நெமிலி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் கையெல்லாம் முள் கீறல்.

"மெஷின் வாங்கறதுக்கு முள்ளு எடுத்துனு போனியாக்கா?"

"பின்ன? நிலம் பூரா வேலிக்காத்தான் முள்ளு. டிராக்டர்ல மாட்டி அரைக்கிற மெஷின் வேணும். கடைக்காரரு பெரிய மெஷினைக் காட்டி, நேரா இருக்கிற தைலமரக் கட்டையா பார்த்துப் போட்டாரு. நல்லாத்தான் அரைச்சது."

"அப்புறம்?"

"தம்பி ஓட்டினு வந்த எங்க சின்ன டிராக்டர்லயே மாட்டுங்க, எங்க முள்ளையே போடுங்கன்னேன். கோணல் மாணலா பச்சை முள்ளு. பாதியில சிக்கி, டிராக்டரே ஆஃப் ஆய்டுச்சி."

"ஐயோ!"

"அதைவிட சின்ன மெஷினை மாட்டச் சொன்னேன். மிச்ச முள்ளு அத்தனையும் தூளாப் போச்சு. அதையே எடுத்துக்கினேன். கடைக்காரரு என் தம்பியைப் பார்த்து, 'அக்கா மெக்கானிக்கா?'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஷூ கம்பெனில செக்கிங்னேன். ஷோகேஸ்ல வெச்ச ஜோடியை நான் பாக்கறதே இல்ல, லைன்ல வர்றதைத்தான் பாப்பேன்னேன்."