நாற்பது காயலை

…இல்லைங்க, நீங்களே சொல்லுங்க, இது அடுக்குமா? நாற்பது படத்துக்கும் ஒரே பேரா? ‘காயலை ஒண்ணு’, ‘காயலை ரெண்டு’ன்னு சுவர் பூரா சீட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. எங்க அண்ணி பேரே வெக்க மாட்டாங்க. அதோ, முன்வரிசையில நரைச்ச கொண்டையோட இருக்காங்களே, அவங்கதான், எங்க அண்ணன் சம்சாரம். இன்னிக்கு இந்த நாட்டோட பெரிய பட்டம் அவங்களுக்குத்தான். பொழைக்க வந்த இடத்துல பொம்பளைங்களுக்குன்னு முதல் ஓவியப் பள்ளி ஆரம்பிச்சவங்களாச்சே! பேர் வெச்சா ஜனம் பேரை வாசிச்சிட்டுப் படத்தைப் பாக்காமப் போயிடும்னு முப்பது வருஷம் திட்டித் திட்டிப் பாடம் நடத்தினவங்க…

அந்தச் சீட்டு எதையும் அவங்க இன்னும் வாசிக்கலை. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டாங்க. அதாவது… நான்தான் ஒளிச்சு வெச்சேன். அது கிடக்கட்டும்.

எண்ணெய்ச் சாயம் இருக்கே, காய மாசக்கணக்காகும். வீட்டைப் பெருக்கித் துடைக்கிறது நான். ஒருதடவை ஒரு வானத்தையே முழங்கையால வழிச்சு எடுத்து… அது வேற கதை. அதுலருந்து, எனக்கு ஞாபகம் இருக்கட்டும்னு, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் கரிக்கட்டியால ‘காயலை’ன்னு எழுதி வெப்பேன். காஞ்சதும் அழிக்கணும்ல? அழிக்கலை. அவ்வளவுதாங்க நான் பண்ணது!

பன்னெண்டு வருஷம் முன்ன, அண்ணி படங்களைப் பத்திப் புத்தகம் போடணும்னு அரசாங்க அதிகாரி ஒருத்தர் வந்தார். பின்பக்கத்தைப் பாத்துட்டு, யாரையோ வெச்சு எழுத்துக்கூட்டி, அதான் படத்தோட பேருன்னு நெனச்சு, நேரா அண்ணிகிட்ட போய் ‘காயலை?’ன்னார். அண்ணி தூரிகையைக்கூடக் கீழ வெக்காம, ‘இன்னும் ஒரு வாரம் ஆகும்’னாங்க. அவர் போட்ட புத்தகத்துல முதல் பக்கமே அதான். ‘காயலை என்பது எப்போதும் ஒரு வாரத்துக்கு அப்பால் இருக்கிறது.’ அந்தப் புத்தகமும் என் துணி அலமாரிக்குள்ளதான் இருக்கு.

அப்புறம் என்கிட்ட அர்த்தம் கேட்டார். சொல்லித் தொலைச்சிருக்கலாம். நான் எழுதினதுன்னு அண்ணிக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயம். ‘அது ஆழமான வார்த்தைங்க, சட்டுனு சொல்ல வராது’ன்னுட்டேன்.

இப்ப யாரோ ஆராய்ச்சிக்காரம்மா மேடையேறி அரைமணி நேரம் அதுக்கு விளக்கம் சொல்லப் போறாங்களாம். அண்ணி காது மட்டும் பாம்புக் காது! கேட்ட மறுநிமிஷம் பட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எழுந்திருச்சிடுவாங்க. ஆயுசுக்கும் என்கிட்ட பேச மாட்டாங்க. எனக்கு அவங்களை விட்டா யாருங்க இருக்கா? அந்தம்மா யாருன்னு தெரிஞ்சாலாவது கையைக் காலைப் பிடிச்சு…

உங்களுக்கென்ன, முகமெல்லாம் வேர்க்குது? தண்ணி வேணுமா? …என்னது, பதினோரு வருஷமா இதே ஆராய்ச்சியா? …நம்ம பாஷையையே அந்த ஒரு வார்த்தைக்காகவா கத்துக்கிட்டீங்க?

…கூப்பிடறாங்க. போங்க, போங்க. நான் ஏதோ உளறினேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க படிச்சதுதான் சரியா இருக்கும்…

அம்மா… அம்மா, மேடை இந்தப் பக்கம். அது வெளிய போற வாசல்…