நிற்போர், பின்வரிசை

– இல்லண்ணாச்சி, அது எஸ்றா இல்ல. எஸ்றாவுக்குக் காது இப்படி விரிஞ்சிருக்காது. இவன் ஸ்ரீசரண். படத்துல முன்வரிசையில நிக்கவங்கள்ல இடமிருந்து மூணாவது.

– மூணாவது ஸ்ரீசரண். எழுதிக்கோம்மா சபுரா. நல்லவேளை, உங்களைப் போட்டோக் கடைக்குக் கூப்பிட்டு விட்டேன் பேச்சித்தாய். பரீட்சைக்கு முந்தியே பேரை எழுதிக் குடுத்த ஞானசிகாமணி வாத்தியார் இப்பக் கூடங்குளத்துல கல்யாணம்னு போயிட்டாவ. எழுதுனது ரிஜிஸ்டர் வரிசை. பிள்ளைய நிக்குதது உயர வரிசை. எந்த மூஞ்சிக்கு எந்தப் பேருன்னு இந்தப் பீர் முகம்மது எங்கன போய்க் கண்டுபிடிக்க?

– அதுக்கு எதுக்கண்ணாச்சி வாத்தியாரு. காலையில கேட்டைத் தெறக்கதும் மணி அடிக்கதும் நாந்தான. பன்னெண்டாங் கிளாஸுல முப்பத்தோரு பிள்ளைய. எவன் எத்தனை மணிக்கு வருவான், எவ டப்பாவுல என்ன சோறு இருக்கும், அம்புட்டும் எனக்கு அத்துப்படி பாத்துக்கிடுங்க.

– அப்ப சரி. நாளைக்குப் பிள்ளைய மார்க் சீட் வாங்க வரும்போது ஆபீஸ் சுவத்துல படம் தொங்கணும்னு ஹெட்மாஸ்டர், நம்ம எச்செம், சொல்லிட்டாரு. சட்டம் போட்டுத் தயாரா இருக்கு, அடியில பேர் எழுதுதது ஒண்ணுதான் பாக்கி. சோலியப் பாப்போம்.

– வாப்பா, ஸ்ரீ போடணுமா, சி போட்டா போதுமா?

– ஸ்ரீயே போடு சபுரா. அவன் பேரை மாத்தினா அவனுக்கு ஒண்ணும் இல்ல, அவங்கம்மா சண்டைக்கு வந்துருவாவ.

– அது கிடக்கட்டும் தாயி, இந்தப் பய ஏன் கண்ணை மூடிட்டு நிக்கான்? மூணு தடவை எடுத்தேன், மூணுலயும் மூடிட்டான்.

– சிரிப்பை அடக்குதான் அண்ணாச்சி. அடக்கினா அவனுக்குக் கண்ணு மூடிக்கிடும். யார் குரல்ல வேணும்னாலும் பேசுவான். ஒரு நாள் ஆபீசுக்குப் பின்னால நின்னுக்கிட்டு எச்செம் குரல்லயே, 'பேச்சித்தாய், கடைசி மணியை அடி'ன்னான். நானும் அடிச்சிட்டேன். மூணு மணிக்கே பள்ளிக்கூடம் காலி.

– வெளுத்திருப்பாவளே.

– வெளுத்தாவ. ஆனா யாரும் அவனைக் காட்டிக் குடுக்கல. எச்செம் என்னை நிக்க வச்சுக் கேட்டுட்டு இருக்காரு, இவன் உள்ள வந்து, நாந்தான் சார் சொன்னேன்னு கையை நீட்டிட்டான். இல்லேன்னா எனக்கு மெமோ வந்திருக்கும். தொள்ளாயிரத்து அறுவது மார்க்கு வாங்கியிருக்கான்.

– சரி, அடுத்தது. கண்ணாடி போட்ட பிள்ள.

– ஹம்ஸினி. கோயில் பட்டர் மவ. குரல் எழும்பாது, ஆனா ஒரு காரியத்தை எடுத்தா முடிக்காம உக்கார மாட்டா. தமிழ் வாத்தியார் மாத்தலாகிப் போயி ரெண்டு மாசம் ஆள் வரல. இவ அத்தனை பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி, பஸ் ஏறிப் போயி, பாளையங்கோட்டையில பெரிய ஆபீசர் கையிலயே குடுத்துட்டு வந்தா. அடுத்த திங்கக்கிழமை வாத்தியார் வந்தாச்சு.

– ஸ்-க்கு மேல புள்ளி வைக்கணும்ல அக்கா?

– வச்சிரு சபுரா. ஒரு புள்ளி கொறஞ்சாலும் அவ கண்டுபிடிச்சிருவா. அவளுக்குப் பக்கத்துல உள்ளவன்தான் எஸ்றா. சர்ச் உபதேசியார் மவன். ஆயிரத்து நாப்பத்தேழு. பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு.

– நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயா ஆயிரத்து நாப்பத்தேழு? மாஷா அல்லா.

– மார்க்கைப் பெருசா சொல்ல வரலண்ணாச்சி. ரிசல்ட் வந்த அன்னைக்குப் பேப்பர் ஒண்ணுதான் வந்துச்சு. எல்லாரும் வேப்பமரத்தடியில கூடி நிக்காவ. எஸ்றா ஒவ்வொருத்தர் நம்பரா வாசிக்கான். பாஸ், பாஸ்னு சொல்லிட்டே வாரான். எல்லாம் முடிஞ்ச பொறவு ஹம்ஸினிதான் கேட்டா, 'எஸ்றா, உன் நம்பரு?'ன்னு. அப்பந்தான் அவனுக்கு ஞாபகம் வருது. அவன் தன்னதைப் பாக்கவே இல்ல.

– இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு பிள்ளையா.

– பின்வரிசைக்கு வாங்க. இந்தக் கறுத்த பையன் சொரிமுத்து. சீவலப்பேரியில இருந்து வாரவன். விடியுமுன்ன வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு, முதல் டவுன் பஸ்ஸுல ஏறி, காலுல சேறோட வந்து இறங்குவான். குழாயடியில காலைக் கழுவிட்டுத்தான் வகுப்புக்குள்ள போவான். முத பீரியடு பூரா தூக்கம்தான். அரைப் பரீட்சையில கணக்குப்பதிவியல்ல முப்பத்தெட்டு.

– ஐயோ பாவம். எரநூறுக்கா?

– எரநூறுக்குத்தான். இப்ப முழுப் பரீட்சையில நூத்தி நாப்பத்தொண்ணு.

– முப்பத்தெட்டு எப்படி நூத்தி நாப்பத்தொண்ணு ஆகும்? ட்யூசன் போனானோ?

– ட்யூசன் போகல, எடுத்தான். அதைப் பொறவு சொல்லுதேன். அவனுக்கு அங்கிட்டு, ஒரு முழம் ஒசந்து நிக்காளே, அவ கிறிஸ்டி. குண்டு எறியதுல மாவட்டத்துலயே முதல். போன ஐப்பசியில ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்ல, பள்ளிக்கூடத்துக்குள்ள முழங்கால் தண்ணி. சத்துணவு அரிசி அஞ்சு மூட்டை. ஆம்பளைய ரெண்டு ரெண்டு பேராத் தூக்கிட்டு இருந்தாவ. இவ ஒத்தையில தோள்ல போட்டு மாடிக்குக் கொண்டு போயிட்டா. அந்த அரிசியைத்தான் ஊரே ஆறு நாள் கஞ்சி வச்சுக் குடிச்சுது.

– இவ பேரைக் கொஞ்சம் பெருசா எழுதவா வாப்பா?

– எல்லாம் ஒரே அளவுதாம்மா. பேச்சித்தாய் ஒவ்வொருத்தரையும் சொல்லுததைக் கேட்டா எனக்கும் பெருசா எழுதச் சொல்லத்தான் தோணுது. மத்த பேரையும் சொல்லுங்க தாயி.

…

– ஆச்சு. முப்பத்தோரு பேரும் முடிஞ்சுது. இனி பின்வரிசைக் கடைசி, கிறிஸ்டி பக்கத்துல நீங்க. லிஸ்டுல அடியில எச்செம் தனியா எழுதியிருக்காரு. 'பேச்சித்தாய், ஆயா.' எழுது சபுரா.

– அண்ணாச்சி, பைய, கொஞ்சம் பொறுங்க. அந்த 'ஆயா'வைப் போட வேண்டாமே.

– ஏன் தாயி? அது உங்க உத்தியோகம்தான. எச்செம்முக்கு எச்செம்னு போட்டிருக்கு, வாத்தியாருக்கு வாத்தியார்னு போட்டிருக்கு.

– அந்த வேலையில எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதுதான் எனக்கும் எம் மவனுக்கும் சோறு போடுது. சேர் வரிசைப் பக்கத்துல நின்னிருந்தா ஆயான்னு போட்டுக்கிடலாம். நான் நிக்குதது பிள்ளைய வரிசையில.

– அன்னைக்கு நானும் பாத்தேன். எச்செம் உங்களை இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொன்னாரு. பிள்ளைய விடல. அந்த கிறிஸ்டி உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. மணி அடிக்குத அக்கா மேல பாசம்னு நெனச்சுக்கிட்டேன்.

– பாசமும் உண்டு. ஆனா நானும் அந்தப் பரீட்சை எழுதியிருக்கேன் அண்ணாச்சி. அவங்க எழுதுன அதே பன்னெண்டாங் கிளாஸு. தனித்தேர்வு.

– நீங்களா?

– நாந்தான். எம்பத்தொண்ணுல பத்தாவது பாஸ் பண்ணினேன். அந்த வருசமே கட்டிக் குடுத்துட்டாவ. எங்க வீட்டுக்காரர் காசிலிங்கம் இதே பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன். அவரு தவறின பொறவு எனக்கு இந்த வேலையைக் குடுத்தாவ. ஒரு நாள் மத்தியானம் வகுப்பைக் கூட்டும்போது ஒரு பொருளாதாரப் புஸ்தகம் கீழ கிடந்துச்சு. எடுத்துப் பிரிச்சவ, விளக்குமாத்தைச் சாத்தி வச்சுட்டு நின்னுக்கிட்டே வாசிக்கேன். பின்னால ஹம்ஸினி நிக்குதது எனக்குத் தெரியல.

– அவ என்ன சொன்னா?

– 'அக்கா, எந்தப் பாடம்?'னு கேட்டா. நான் சொன்னேன். 'புரியுதா?'ன்னா. பாதி புரியுதுன்னேன். மறுநாளே மீதிப் பாதியைச் சொல்ல வந்துட்டா. ஒரு வாரத்துல தனித்தேர்வுக்குப் பாரம் வாங்கிட்டு வந்து, எங்கிட்ட கையெழுத்து மட்டும் போடச் சொன்னா. பொருளாதாரம் அவ. இங்கிலீஷு ஸ்ரீசரண். வரலாறும் வணிகவியலும் எஸ்றா.

– அப்ப கணக்கு சொரிமுத்தா? முப்பத்தெட்டு வாங்கினவனா?

– அவனேதான் கேட்டான். எனக்கும் வரல, அக்காவுக்கும் வரல, நான் அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கேன்னான். முந்துன நாள் எஸ்றாகிட்ட கேட்டுப் படிச்சுட்டு வந்து, மத்தியானம் எனக்குச் சொல்லுவான். நான் குறுக்கே கேள்வி கேட்டா முழிப்பான். மறுபடி போயி எஸ்றாகிட்ட கேப்பான். எனக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தே அவன் தேறிட்டான் பாத்துக்கிடுங்க.

– இதைத்தான் பொறவு சொல்லுதேன்னீங்களோ. சரி, வெள்ளம் வந்துச்சே, உங்க வீடு ஆத்தங்கரையிலல்ல?

– கரையிலதான். மவனைத் தூக்கிட்டு வெளிய வந்ததே பெருசு. பெட்டியோட புஸ்தகம், எழுதி வச்ச நோட்டு எல்லாம் தண்ணியில போச்சு. பள்ளிக்கூடம் தெறந்த அன்னைக்குப் பிள்ளையகிட்ட சொல்லிட்டேன். இது நமக்குக் குடுத்து வைக்கல, நீங்க உங்க படிப்பைப் பாருங்கன்னேன். எல்லாரும் பையை எடுத்துட்டு வகுப்புக்குள்ள போயிட்டாவ. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு, ஒருத்தர் கூட மறுத்துப் பேசலையேன்னு.

– சின்னப் பிள்ளையதான. அதுகளுக்கும் பரீட்சை இருக்கு.

– நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். எட்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடிச்சுட்டுத் திரும்புதேன், வராந்தாவுல முப்பத்தோரு பேரும் நிக்காவ. ஹம்ஸினி பாடத்தைப் பங்கு வச்சுக் குடுத்திருக்கா. ஆளுக்கு நாலு, அஞ்சு பாடம். அத்தனையும் கையால எழுதியிருக்காவ. ஆறு நோட்டுக் கட்டு. பக்கத்துக்குப் பக்கம் எழுத்து மாறும். சொரிமுத்து எழுத்து கோணலாத்தான் இருக்கும், ஆனா ஒரு அடித்தல் கிடையாது. எத்தனை தடவை எழுதிக் கிழிச்சானோ.

– நோட்டாத் தைச்சது யாரு தாயி?

– நூலை எடுத்துத் தைச்சது கிறிஸ்டி. சாக்கு தைக்குத ஊசியால தைச்சிருந்தா.

– பரீட்சை எப்படி அக்கா எழுதினிய?

– தமிழு நல்லாத்தான் எழுதினேன் சபுரா. எனக்கு மையம் பாளையங்கோட்டையில. இங்கிலீஷுக்கு உக்காந்தா பாதிக் கேள்விதான் புரியுது. பக்கத்துல எல்லாம் எம் மவன் வயசுக்குக் கொஞ்சம் பெரிய பிள்ளைய. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன். இனிப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த பரீட்சை அன்னைக்குக் காலையில அடுப்பைப் பத்த வச்சுட்டு இருக்கேன், வாசல்ல சைக்கிள் மணி. கிறிஸ்டி.

– அவளுக்கும் அன்னைக்குப் பரீட்சையாச்சே.

– அதேதான் நானும் சொன்னேன். நீங்க பஸ் ஏறினாத்தான் நான் என் பரீட்சைக்குப் போவேன்னு திண்டுக்கு முண்டா நின்னுட்டா. கேரியர்ல உக்கார வச்சு மிதிச்சா. பஸ் வர நேரமாச்சு. நான், 'நீ போயிருட்டி'ன்னு கெஞ்சுதேன், அசைய மாட்டேங்கா. நான் ஏறி உக்காந்து பஸ் நகர்ந்த பொறவுதான் சைக்கிளைத் திருப்பினா. பஸ்ஸுல நான் நேரத்துக்குப் போயிட்டேன், அவளுக்கு மையம் எதிர்ப்பக்கம் ஆறு மைலு, கால் மணி நேரம் பிந்தித்தான் அவ உள்ள போயிருக்கா. எனக்கு அது ரிசல்ட்டுக்குப் பொறவுதான் தெரியும். கேட்டா, 'எல்லாம் எழுதிட்டேன்லக்கா'ன்னா.

– ரிசல்ட்டு?

– வேப்பமரத்தடியில எஸ்றா முதல்ல வாசிச்சது என் நம்பரை அண்ணாச்சி. அறுநூத்திப் பன்னெண்டு மார்க்கு. இங்கிலீஷுல எழுவத்தி நாலு. எழுவது எடுத்தாத்தான் பாஸ், நாலு மார்க்குல தப்பிச்சேன். ஸ்ரீசரண் அந்த நாலு மார்க்கும் தன்னதுன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுதான். எச்செம் சேரை விட்டு எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. லிஸ்டு அதுக்கு முந்தி, பரீட்சைக்கு முன்னாலயே எழுதுனது. அவரைக் குத்தம் சொல்லல.

– சபுரா, அந்த 'ஆயா'வை எழுதாதம்மா.

– எழுதல வாப்பா. அக்கா வேண்டாம்னு சொன்னப்பவே நிறுத்திட்டேன்.

– பேர் மட்டும் போடு. மத்த பிள்ளையளுக்குப் போட்ட அதே அளவுல.

– போட்டாச்சு. அக்கா, அந்த ஆறு நோட்டும் இப்ப உங்ககிட்ட இருக்கா?

– இருக்கே. பெட்டியில சேலைக்கு அடியில பத்திரமா வச்சிருக்கேன். ஏம்மா?

– சும்மாத்தான் கேட்டேன்.

– சும்மா கேக்கல தாயி. பத்தாங் கிளாஸுல நானூத்தி இருவது மார்க்கு வாங்குன பிள்ள இவ. எனக்கு வாதத்துல வலது கை விழுந்த வருசம், கடையில பேர் எழுத ஆளில்லன்னு நான்தான் படிப்பை நிறுத்துனேன். நாளைக்குப் படத்தைக் கொண்டாரும்போது, இவளையும் கூட்டிட்டு வாரேன், அந்த நோட்டைக் குடுப்பீங்களா?