மானாம்பதி வரைக்கும்தான் சார்ஜ்

ஹலோ... ஹலோ... பாண்டுரங்கன் சாரா? வணக்கம் சார். நான் உங்க லைன்ல வேலை செய்றாரே எபினேசர், அவரோட வொய்ஃப் பேசறேன், இசைவாணி... ஆமா சார், ஆமா, ஃபேமிலி டேக்கு வந்தப்ப பாத்தோம்... நல்லா இருக்கேன் சார். அவர் போன் லாக்கர்ல இருக்கும், அதான் உங்களுக்குப் போட்டேன். கொஞ்சம் அவரக் கூப்புட முடியுமா?... இல்ல இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல. கார் ரோட்ல நின்னுடுச்சு... ஆமா சார், அந்தக் கரண்டு வண்டிதான். ஒரகடத்துல ஒரு ஆபீசர்கிட்டேர்ந்து பழசா வாங்கினோமே, அதுதான்... சரி சார். இருக்கேன், இருக்கேன்.

...

எபி?... நான்தான்... ஐயோ, எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் கீறேன். ஓடியா வந்த? மூச்சு வாங்குது... சரி, சாப்டியா?... ம்... ம்...

வண்டி நின்னுடுச்சு எபி... மானாம்பதில. உத்திரமேரூர் தாண்டி, வந்தவாசி போற ரோட்ல... ஹலோ?... ஹலோ, கேக்குதா?... மானாம்பதின்னேன்... இன்னா, சத்தமே காணோம். மிஷின் சத்தத்துல கேக்கலியா?

ஆமா... ஆமா ஆமா. நீ சொன்ன மாதிரியேதான் ஓட்னேன். ஃபுல் சார்ஜ் போட்டுத்தான் கெளம்பினேன். ஏசி போடல... சத்தியமா போடல எபி. கண்ணாடிய எறக்கி வுட்டுக்கினு, ஒரகடம் லாரிப் பொகை மொத்தத்தையும் மூஞ்சில வாங்கிக்கினுதான் வந்தேன். உத்திரமேரூர்ல பாக்கறேன், சார்ஜ் முப்பத்தெட்டு பர்சென்ட் காட்டுது. சரி, வந்தவாசி போய்டலாம், அங்க சார்ஜ் போட்டுட்டு செஞ்சிக்குப் போலாம்னு வர்றேன். ஊரு தாண்டல, பன்னண்டு... பன்னண்டு. முப்பத்தெட்டுக்கு அப்பறம் நேரா பன்னண்டு. நடுவுல இருக்கற நம்பரெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அப்பறம் அந்த ஆமை வந்துச்சு... ஆமைப்பா, மீட்டர்ல வருமே, மஞ்சளா. அது வந்துட்டா எவ்ளோ மிதிச்சாலும் ஊருது. பின்னாடி ஒரு பஸ்சு, ஹார்ன் அடிச்சே கொன்னுட்டான்.

...

அம்மாவுக்கு இன்னும் சொல்லல. செஞ்சி ஜிஎச்ல காலைலயே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களாம். கண்ணுல கட்டோட வெளிய பெஞ்சில உக்காந்துகினு கீது. எம் பொண்ணு கார்ல வரான்னு நர்சுங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கு. ஆப்ரேஷன் பண்ண கண்ணு, பஸ்ல வந்தா தூசி படும்னுதான வண்டிய எடுத்தேன்...

இல்ல, பயமெல்லாம் இல்ல. ஒரு வாட்டர் வாஷ் கடை வாசல்ல நிறுத்திகீறேன். ஒரு அக்கா கீறாங்க, மாடத்தின்னு பேரு, திருநெல்வேலிப் பேச்சு. பிளக் கீது, போட்டுக்கம்மான்னாங்க. பொறுமையாத்தான் ஏறும், ஆனா வந்தவாசி வரைக்கும் போற அளவுக்கு...

இன்னா?... வண்டிய வுட்டுட்டு உடனே பஸ் புடிக்கவா? ஏன்?... அதான் பிளக் கீதுன்னு சொல்றேன்ல... அங்க நிக்காதன்னா, இன்னா அந்தக் கடைக்கு? பொம்பளதான் நடத்தறாங்க, நல்லாத்தான் பேசறாங்க... சரி... சரி, எதிர்ல பஸ் ஸ்டாப்பா? கீது, பாத்தேன்...

நீ எப்படி எபி சொல்ற, எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்குதுன்னு?

...

ஆமா... ஆமால்ல. உங்க ஊருக்குப் போற ரோடுதான இது. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எத்தினி வாட்டி போயிருப்ப. நான் ஒருத்தி. இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னு உங்கம்மா சொன்னதுலேர்ந்து நீதான் எட்டிக் கூடப் பாக்கலியே...

ஒரு நிமிஷம் இரு, அந்தக்கா ஏதோ கேக்கறாங்க. கட் பண்ணாத.

சொல்லுங்கக்கா... ஆமா, எங்க வண்டிதான்... இல்லக்கா, இந்த வண்டில இப்பதான் மொதல் வாட்டி இவ்ளோ தூரம் வர்றேன். சொம்மா டூட்டிக்கும் கடைக்கும்தான் எடுப்போம்... இல்ல, அது வேற வண்டியா இருக்கும்க்கா. நீலக் கலர் நெறைய கீது... பின்னாடி கதவுல ஒடுக்கா? ஆமா, அது வாங்கும்போதே இருந்துச்சு...

எபி, ஒரே கூத்து. இந்த வண்டி ஏற்கனவே இங்க வந்து நின்னுச்சாம். முன்னாடி வெச்சிருந்தாரே அந்த ஆபீசர், அவரா இருக்கும்... இன்னாக்கா? என்ன போர்டு?... மறந்து வெச்சிட்டுப் போய்ட்டாரா? குடுங்க, பாக்கறேன்.

...

எபி.

இது நம்ம எக்ஸ்டென்ஷன் போர்டு... இல்ல, நம்பளுதுதான். வயர் பிஞ்சிருந்துச்சுன்னு செவப்பு டேப் சுத்தினது நான். உன் ஃப்ரெண்டு கார்முகில் வாங்கிக்கினு போனான்னு சொன்னியே. அவன்கிட்ட கேளு, கேளுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்... கார்முகில் எடுத்துக்கினு வந்தானா? நம்ம வண்டியவா?... அப்படின்னா ஏன் இவ்ளோ நாளா சொல்லல?... இரு.

அக்கா, யாருக்கா வந்தது? ஆளு எப்படி இருந்தாரு?... ஒல்லியா... ம்... இருங்க, போட்டோ காட்றேன்... இவரா பாருங்க... நல்லா பாருங்கக்கா.

...

...

லைன்ல இருக்கியா?

கோட்டு போட்டுக்கினு வந்தாராம். பின்னாடி சீட்டுல பெரிய கிஃப்ட் டப்பாவாம். தங்கச்சி கல்யாணம், வந்தவாசி சர்ச்சுக்கு நேரத்துக்குப் போகணும், சார்ஜே ஏற மாட்டேங்குதேன்னு வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாராம். அப்பறம் டப்பாவத் தூக்கிக்கினு எதிர்ல பஸ் ஏறிட்டாராம். சாயங்காலமா வந்து வண்டிய எடுத்தாராம். பாவமா இருந்துச்சு, அதான் மறக்கலன்னு சொல்றாங்க.

எவாஞ்சலின் கல்யாணம்.

அன்னிக்கு உனக்கு ஓவர்டைம்னு, கம்பெனி பஸ் வராது, வண்டிய எடுத்துக்கினு போறேன்னு சொல்லிட்டுப் போன.

...

இல்ல, நீ இரு. நான் பேசறேன்... பாண்டுரங்கன் சார் பக்கத்துல நிக்கறாரா? நிக்கட்டும்.

நான் உன்னப் போகாதன்னு சொன்னனா? சொன்னனா எபி? என்னக் கூப்புடலன்னா பரவால்ல, உனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி, போய்ட்டு வான்னு அழுதுகினே சொன்னேன். நீதான் சொன்ன. உனக்கு எடமில்லாத பந்தல்ல எனக்கு இன்னா வேலன்னு. அன்னிக்கு ராத்திரி நீ சாப்டல. ஒரு வாய் கூட சாப்டல. தங்கச்சி நெனப்புன்னு நெனச்சிக்கினு உன் தலைய மடில வெச்சிக்கினு உக்காந்திருந்தேன். கல்யாண சாப்பாடு சாப்ட்டு வந்த ஆளுக்கு எங்கேர்ந்து பசிக்கும்...

போனது தப்பில்ல. அத நான் தப்புன்னு சொல்லவே இல்ல. போகலன்னு சொல்லி என்கிட்ட நல்ல பேரு வாங்கிக்கினியே, அதச் சொல்றேன். என் கம்பெனி லைன்ல ஐஸ்வர்யா மொதக்கொண்டு எல்லார்கிட்டயும் சொன்னேன், எனக்காக சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே போகல எங்க வூட்டுக்காருன்னு. அம்மாகிட்ட சொன்னேன். அது வல்லக்கோட்டை வந்து முருகனுக்கு உன் பேர்ல அர்ச்சன பண்ணுச்சு. எபினேசர்னு சொன்னா ஐயரு ரெண்டு வாட்டி திருப்பிக் கேட்டாராம், இன்னா பேரும்மா, இன்னா பேரும்மான்னு. அது வுடலியாம், நீங்க சொல்லுங்க சாமின்னுச்சாம்...

ம்... ம்... பயந்துட்டன்னா, யாருக்கு பயம்? எனக்கா?

...

இரு. இரு, இரு.

அப்ப உனக்குத் தெரியும்.

இந்த வண்டி மானாம்பதி தாண்டாதுன்னு உனக்குத் தெரியும். காலைல ரெண்டு வாட்டி சொன்ன, பஸ்ல போயேன்னு. ஏன்னு கேட்டேன். ஷூ லேசக் கட்டிக்கினே இருந்த, தலையத் தூக்கல. சொம்மாதான் சொன்னேன்னுட்ட. கம்பெனி பஸ் வந்துடுச்சுன்னு போய்ட்ட.

ஒரு வார்த்த எபி. வண்டி தாங்காது, எடுக்காதன்னு. சொல்லியிருந்தா, எப்பப் பாத்த, எங்க பாத்தன்னு கேட்டிருப்பேன். அதான? அதுக்காகத் தெரிஞ்சே என்ன ரோட்ல வுட்ட. அந்த பஸ்காரன் ஒரு செகண்டு அசந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ஒரு கண்ணக் கட்டிக்கினு அங்க ஒருத்தி உக்காந்திருக்கா. அவளுக்கு யாரு போன் போடுவாங்க?...

வேணாம். சாரி சொல்லாத. இப்ப சொல்லாத.

...

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எவா கேட்டாளா, அண்ணி வரலியான்னு?... சத்தமா சொல்லு, கேக்கல... கேட்டா... ம்... வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தாளா... கல்யாணப் புடவையோட...

அப்படின்னா அவ என்னக் கூப்புட்டாளா?

...

எப்ப? உன்கிட்ட சொல்லி அனுப்பினாளா?... அண்ணியக் கண்டிப்பா கூட்டிக்கினு வான்னு... ம்... உங்கம்மா சரின்னாங்களா?... அவங்களும் ஒண்ணும் சொல்லல... ம்...

என்கிட்ட அவங்க கூப்புடலன்ன. அவங்ககிட்ட இன்னா சொன்ன?... சொல்லு எபி... சண்ட வந்துடுமோன்னு பயம், சரி. மேடைல யாராவது ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயம், சரி. அவ கேட்டப்ப நீ இன்னா பதில் சொன்ன?

...

நான்தான் வர மாட்டேன்னுட்டேன்னா?

...

அதான் அவ பேசல. கிறிஸ்துமஸுக்கு உங்கம்மாவுக்குத் தெரியாம மாடிக்குப் போய் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடற பொண்ணு. கல்யாணத்துக்கு அப்பறம் நான் போட்ட எதுக்கும் பதில் இல்ல. புது வூடு, புது மனுஷங்க, நேரம் இருக்காதுன்னு நானே எனக்கு சொல்லிக்கினு இருந்தேன். அவ என்ன திமிரு புடிச்சவன்னு நெனச்சிக்கினு இருந்திருக்கா...

இல்ல, நான் அழல. வெயில்ல நிக்கறேன், அதான்... தண்ணி வேணாம்க்கா... உன்னச் சொல்லல, அந்தக்கா கேக்கறாங்க. இல்லக்கா, ஒண்ணும் இல்ல, வூட்டுக்காருதான். நீங்க ஒண்ணும் தப்பா சொல்லல.

...

பைக்ல வர்றியா? யார் பைக்ல?... வா. பர்மிஷன் போட்டுக்கினு வா, ஆனா எனக்காக வராத. சார்ஜ் ஏறினதும் வண்டிய எடுத்துக்கினு போ. சாவிய மாடத்தி அக்காகிட்ட குடுத்துட்டுப் போறேன். வழி சொல்லத் தேவையில்ல.

நான் பஸ்ல செஞ்சி போறேன். அம்மாவுக்கு முந்தானையப் போட்டு மூடிக் கூட்டிக்கினு அதோட வூட்டுக்கே போய்டறேன்... தெரியாது... எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாது எபி. இப்பக் கேக்காத. கேட்டா வாய்க்கு வந்தது ஏதாவது சொல்லிடுவேன்.

அம்மாகிட்டயா? வண்டி நின்னுடுச்சுன்னு சொல்லுவேன். அது உண்மதான. மிச்சத்த அந்தக் கண்ணு ஆறட்டும், அப்பறம் பாக்கலாம்.

எவாவுக்கு நான் போன் போடப் போறேன்... ஆமா, இப்பதான். பஸ்ல உக்காந்து... ஏன் வேணாம்?... அவளுக்குத் தெரிஞ்சா உன்ன இன்னா நெனப்பாளா? இவ்ளோ நாளா என்ன நெனச்சாளே, அப்ப உனக்கு ஒண்ணும் தோணலியா?...

சண்டயெல்லாம் போட மாட்டேன். உன்னத் திட்டவும் மாட்டேன்... இல்ல, நீ பேசி சரி பண்ண வேணாம். நீ ரெண்டு பக்கமும் பேசினது போதும்... கூப்புட்டது எனக்கு வந்து சேரலன்னு சொல்லுவேன். அவ்ளோதான். அத மட்டும் சொல்லுவேன்.

பஸ் வருது... ம்... கேட்டேன், கேட்டேன். சார்கிட்ட போனக் குடுத்துடு, தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு... எபி, வுடு. கைய நீட்டணும், நிக்காம போய்டுவான்.

அண்ணா, வந்தவாசி போவுமா?... வைக்கறேன்.