ஆறாம் கட்டிலின் கோபம்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! இமை மூடாமல் உயிர்காக்கும் செவிலிய அக்காமார்களே! கட்டுப் போடும் கைகளே, கழிவறை கழுவும் கைகளே! வடகரை மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் தாய்மார்களே, பெரியோர்களே! ஆண்கள் வார்டு உதவியாளர் ஷிஜினாவின் அன்பு வணக்கம்.

அடி வாங்குவதா நம் வேலை? இல்லை! ஏச்சு கேட்கவா நமக்குச் சம்பளம்? இல்லவே இல்லை! யாராவது கை ஓங்கினால் விலகி நில்லுங்கள். துணைக்கு ஆள் கூப்பிடுங்கள். அதில் வெட்கமே வேண்டாம்.

ஆனால், ஓங்கிய கை இறங்குவதற்கு முன் ஒரு கணம் இருக்கிறதே! அந்தக் கணத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கொப்பரைச் சந்தையில் மூட்டை சுமக்கும் சாத்துவேட்டன் ஆறாம் கட்டிலில் இருந்தார். சர்க்கரை நோய், காலில் சீழ். மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்குள் வெளியேறினால் கால் போகும், உயிரும் போகலாம். வழக்கப்படி ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டு, அவர் வேட்டியை வாங்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மருந்து தொங்கும் கம்பியைத் தூக்கிக்கொண்டு, சுவரோடு முதுகை ஒட்டி நின்றார்.

"எவனாச்சும் கிட்ட வந்தா மண்டை பொளந்துரும்!"

"கை நடுங்குது பாரு, குடிகாரன்! நாலு பேர் சேர்ந்து அமுக்குங்கடா!" என்றார் காவலாளி பவித்ரேட்டன். (முன்வரிசையில் சிரிக்கிறாரே, அவரேதான்!)

பிரசீதா சிஸ்டர் எல்லோரையும் நிறுத்தினார். கம்பி எட்டாத தூரத்தில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சாத்துவேட்டா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்குப் போணும்!"

"சரி. அதுக்கு முன்னாடி?"

கம்பி தாழவில்லை, குரல் தாழ்ந்தது. "இந்த அங்கி பின்னாடி பூராத் திறந்து கெடக்கு மோளே. எதிர்க் கட்டில்காரன் பொஞ்சாதி, மருமக எல்லாம் உக்காந்திருக்காங்க. நான் எப்படித் திரும்புவேன்?"

ஓடிப்போய் வேட்டியை எடுத்து வந்தேன். அவர் கம்பியை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் உடுத்தி, மூட்டைக்காரர் வழக்கப்படி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டரைப் பார்த்தார். மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று நம் ஊராருக்கு நான் சொல்லவா வேண்டும்?

"ஊசி போடு மோளே" என்று கையை நீட்டினார். கால் பிழைத்தது!

தோழர்களே! பயந்தவனும் கை ஓங்குவான், பகைத்தவனும் கை ஓங்குவான். பிரித்தறிவது எப்படி? கேட்டால்தானே தெரியும்! எட்டி நின்று கேளுங்கள். இறங்கிய குரலில் கேளுங்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். நம் மானத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நோயாளியின் மானத்தையும் நாம் பறிக்க மாட்டோம்!

பணி முடித்த களைப்போடும் பொறுமையாகச் செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்!