அளவு ஜாக்கெட்

சுகுணா: இந்தச் சந்து இல்ல ஹரிணி. இதுல அப்பவே போயிட்டு வந்தமே.

ஹரிணி: அது பாத்திரக்கடை சந்தும்மா. இது குடை ரிப்பேர் சந்து. அதோ பாரு, கம்பி கம்பியா தொங்குது.

சுகுணா: மணி என்னாச்சு?

ஹரிணி: பதினொண்ணு பத்து.

சுகுணா: நாளைக்கு கௌரி பண்டிகை. பன்னெண்டுக்கெல்லாம் தையக்காரங்க கடையை அடைச்சிருவாங்கன்னு அந்த வளையல்காரர் சொன்னாரே… அதுக்குள்ள கிடைக்கலன்னா…

ஹரிணி: கிடைக்கலன்னா என்ன? ஒரு ஜாக்கெட்டு. பண்டிகை கழிச்சு வந்து வாங்கிக்கலாம்.

சுகுணா: இல்ல. இன்னைக்கே வாங்கணும்.

ஹரிணி: அதான் ஏன்னு கேக்கறன்.

சுகுணா: …அந்த அட்டை பத்திரமா இருக்குதா?

ஹரிணி: கையிலதான் வெச்சிருக்கறன். நூத்திப் பன்னெண்டாம் நம்பர். ஓரத்துல கிளிப்பச்சைத் துணி ஒரு துண்டு, ஸ்டேப்ளர் அடிச்சது. கடை பேரு கிடையாது, போன் நம்பர் கிடையாது. இதை வெச்சு ஓசூர் பஜார்ல ஒரு டைலரைத் தேடறோம் பாரு, நம்மள சொல்லணும்.

சுகுணா: கம்பெனி லாக்கர்ல இருந்து உங்கப்பாவோட சாமான்னு குடுத்ததே அவ்வளவுதான். டிபன் டப்பா, துண்டு, இந்த அட்டை. நான் என்ன பண்ணட்டும்?

ஹரிணி: சரி சரி, அழாத. நடுரோட்டுல நிக்காத, வண்டி வருது. இப்படி ஓரமா வா.

சுகுணா: அழுவல. புகை.

ஹரிணி: காபிக்கொட்டை வறுக்கிற புகை. அந்தக் கடையைத் தாண்டி அரை மணி நேரம் ஆச்சு.

சுகுணா: அந்த ஆளு ஸ்டூலைக் காட்டினான் பாத்தியா… “இதுலதான் வெங்கடப்பண்ணா உக்காருவாரு, ரெண்டாம் ஷிப்ட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்”னு. நான் பாட்டுக்கு ஊருல, பேரிகையில உக்காந்துக்கிட்டு, கம்பெனி பஸ்ஸு சீக்கிரமே கிளம்பிருதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஹரிணி: அந்தப் பழைய புத்தகக் கடைக்காரரு என்னையே பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. “டிப்ளமா பொண்ணா நீ”ன்னாரு. நான் அந்தாளை இன்னைக்குத்தான் பாக்கறன்.

சுகுணா: நாட்டு மருந்துக் கடையில என் முழங்கால் வலிக்கு ஒரு மாசத்துக்கு எண்ணெய் எடுத்து வெச்சிருக்காங்க. எடுத்துட்டுப் போன்னு கையில திணிக்கிறாங்க. இருபத்தாறு வருசம் கூட இருந்தன். இந்த ஊருல பாதிப் பேரு என்னைவிட அவரைத் தெரிஞ்சு வெச்சிருக்கான்.

ஹரிணி: அவரு சொல்லிட்டுத்தான் இருந்தாரு. நீதான் டிவி சத்தத்தைக் கூட்டுவ.

சுகுணா: குத்திக் காட்டாதடி.

ஹரிணி: குத்தல. நல்லா யோசிச்சுப் பாரு. டைலரைப் பத்தி என்ன சொன்னாரு?

சுகுணா: கீழ இறங்கிப் போவணும்னாரு. ரோட்டை ஒசத்தி ஒசத்திப் போட்டதுல கடை பள்ளத்துல போயிருச்சாம். மழை வந்தா மிஷினைத் தூக்கி மேசை மேல வெச்சுட்டு, தையக்காரரும் மேசை மேலயே உக்காந்துக்குவாராம். சொல்லிச் சிரிப்பாரு. அவரு பேரு வாயில வரமாட்டேங்குது… மணி என்ன?

ஹரிணி: பதினொண்ணு இருவது. ஏம்மா இப்படிப் பறக்கற? உனக்கு உதடு காய்ஞ்சு போயிருச்சு. ஒரு சோடா குடிப்பமா?

சுகுணா: வேணாம். தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா, நாப்பத்தஞ்சு நாளு முடியல, பஜாருக்கு வந்து சோடா குடிக்கிறாம்பாங்க.

ஹரிணி: சொல்றவங்க சொல்லட்டும். அம்மா… அந்த ஜாக்கெட்டு யாருக்கு?

சுகுணா: யாருக்கா இருக்கும்? எனக்குத்தான்.

ஹரிணி: உன் ஜாக்கெட்டு எல்லாம் ஊருல கவிப்ரியாக்கா தெக்கறாங்க. அப்பா உனக்குன்னு ஒரு துணி எடுத்து நான் பாத்ததில்ல. காசைக் குடுத்து, நீயே எடுத்துக்கோம்பாரு.

சுகுணா: அப்ப உனக்கா இருக்கும்.

ஹரிணி: நான் ஜாக்கெட்டு போடற ஆளா?

சுகுணா: வழியைப் பாத்து நட.

ஹரிணி: அம்மா, உனக்குத் தெரியும். அட்டையைப் பாத்த அன்னைக்கு ராத்திரி நீ தூங்கல. நேத்து பீரோவுல இருந்து பச்சைச் சேலையை எடுத்து மடிச்சு பையில வெச்ச. கட்டாத புதுச் சேலை. இப்ப இந்தப் பையில இருக்குது.

சுகுணா: பையை எதுக்கு நோண்டின?

ஹரிணி: தண்ணி பாட்டில் வெக்கத் தொறந்தன். யாருக்கும்மா?

சுகுணா: …உங்க அத்தைக்கு.

ஹரிணி: நாகம்மா அத்தைக்கா?

சுகுணா: கத்தாத. எனக்கென்ன இன்னொரு நாத்தனாரா இருக்கா? கௌரிக்கு கூடப்பொறந்தவன் சீர் கொண்டு போற வழக்கம். பச்சையில சேலை ஜாக்கெட்டு, வளையல், மஞ்சள் குங்குமம். ஒவ்வொரு வருசமும் இன்னைக்கு ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போவாரு. ஓவர்டைமுக்குப் போறவன் சட்டையில வளையல் கடைத் தாளு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாதா?

ஹரிணி: தெரிஞ்சும் கேக்கல.

சுகுணா: கேட்டா, போவாதேன்னு சொல்லணும். சொன்னா நின்னுருவாரு. அதான் கேக்கல.

ஹரிணி: அப்ப அத்தைக்கு, அப்பா…

சுகுணா: தெரியாது. அன்னைக்குப் பங்காளிங்க வந்து கேட்டாங்க, நாகம்மாவுக்குச் சொல்லி அனுப்பலாமான்னு. வேணாம்னு நான்தான் சொன்னன். என் வாயாலதான் சொன்னன். இன்னைக்கு அவ அத்திப்பள்ளியில வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, அண்ணன் வருவான்னு. நல்ல நாளு அதுவுமா எவனாச்சும் போற போக்குல சொல்லித் தொலைச்சுட்டா? அதுக்குள்ள நான் போயி நிக்கணும். வெறுங்கையோட எப்படிப் போறது? அவரு தெக்கக் குடுத்தது இருக்கணும் கையில… புரியுதா இப்ப?

ஹரிணி: புரியுது. நட. அந்தப் பக்கம் இன்னொரு சந்து இருக்குது.

சுகுணா: நீ ஏன்டி ஒரு மாதிரி பாக்கற?

ஹரிணி: ஒண்ணுமில்ல. நட.

சுகுணா: உன்னை நினைச்சுத்தான் அப்படி இருந்தன். உங்கத்தை வேற ஆளுங்க வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போனவ. அவ கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சம்னு தெரிஞ்சாலும், நம்ம ஆளுங்க ஒருத்தன் உன்னைக் கேட்டு வரமாட்டான்னு பயம்.

ஹரிணி: என்னை எவன் கேட்டு வந்தா என்ன, வரலன்னா என்ன… அம்மா. நில்லு. அதோ, மூணு படி கீழ இறங்குது பாரு. உள்ள மிஷின் சத்தம்.

சுகுணா: எங்க? அட, ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்களே…

ஹரிணி: அண்ணா, ஒரு நிமிசம்! அடைக்காதீங்க!

சென்னகிருஷ்ணன்: பண்டிகைக்கு புது ஆர்டர் எடுக்கறதில்லம்மா. போர்டு மாட்டி வெச்சிருக்கேனே.

ஹரிணி: ஆர்டர் இல்லைங்க. வாங்கறதுக்கு. இந்த அட்டை உங்களுதா?

சென்னகிருஷ்ணன்: நூத்திப் பன்னெண்டு… அய்யோ, வெங்கடப்பண்ணாவுது. வாங்க வாங்க, உள்ள வாங்க. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க. நீங்க?

சுகுணா: வீட்ல… அவரு சம்சாரம்.

சென்னகிருஷ்ணன்: சுகுணாக்காவா? உக்காருங்கக்கா, அந்தத் துணியெல்லாம் தள்ளிட்டு உக்காருங்க. நான் சென்னகிருஷ்ணன். அண்ணா என்ன, ஆளையே காணோம்? நேத்து வரணும். எப்பவும் முதல் நாளே வந்து, காஜா எடுத்தாச்சா, ஹூக்கு வெச்சாச்சான்னு உசுரை வாங்குவாரு. ஷிப்ட்டு மாத்திட்டாங்களா?

ஹரிணி: அப்பா தவறிட்டாருங்க. ஆடி பொறந்து நாலாம் நாளு. கம்பெனி பஸ்ஸுல வீட்டுக்கு வர்றப்ப. தூங்கறாருன்னு நினைச்சு பேரிகை வரைக்கும் யாரும் எழுப்பல.

சுகுணா: தம்பி, நீங்க உக்காருங்க. ஹரிணி, அந்த பாட்டிலைக் குடு அவருக்கு.

சென்னகிருஷ்ணன்: இல்லக்கா… ஆனி கடைசியில இதே இடத்துல நின்னு துணியைக் குடுத்துட்டுப் போனாரு. யாருமே சொல்லலியே எனக்கு.

சுகுணா: யாருக்கும் சொல்லத் தெரியலப்பா. நீங்க இங்க இருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியாது.

சென்னகிருஷ்ணன்: இருங்க, எடுத்துத் தர்றேன்… இந்தாங்க. இது அவரு குடுத்த துணி. இது அளவு ஜாக்கெட்டு. இனிமே இதை நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ண?

சுகுணா: இது… ஹரிணி, இங்க பாரு. இது என்னுதுடி.

ஹரிணி: எப்படிச் சொல்ற?

சுகுணா: மூணாவது ஹூக்கு பிஞ்சு போச்சுன்னு நான்தான் வெள்ளை நூலுல தெச்சன். மெரூனுக்கு வெள்ளை நூலு போட்டுட்டன்னு உங்கப்பா சிரிச்சாரு. கொடியில போட்டதைக் காணோம்னு பக்கத்து வீட்டோட சண்டை போட்டனே… அவங்க இன்னும் என்கூடப் பேசறதில்ல.

சென்னகிருஷ்ணன்: ஒம்பது வருசமா இங்கதான்க்கா இருக்குது. தங்கச்சிக்குத் தெக்கணும், அளவு கேட்டா எதுக்குண்ணான்னு வேணாம்பா, எங்க வீட்ல இருக்கிறவங்களும் என் தங்கச்சியும் ஒரே அளவுதான்னு சொல்லி இதைக் கொண்டாந்தாரு.

சுகுணா: ஒரே அளவா… ரெண்டு பேரும் ஒண்ணா ஏரு ஓட்டின கழனியில களை எடுத்தோம். மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். அப்ப ஒரே அளவுதான்.

சென்னகிருஷ்ணன்: ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அரை இஞ்சு கூட்டி வெச்சுத் தையின்னு சொல்லுவாரு. ஏன்னு கேட்டா, “எங்கூட்டுக்காரி தடிச்சுட்டா, அவளும் அப்படியேதான் தடிச்சிருக்கா”ம்பாரு.

ஹரிணி: அம்மா, சிரிக்கிறியா, அழுவறியா?

சுகுணா: சும்மா இரு நீ. தம்பி, கூலி எவ்வளவு?

சென்னகிருஷ்ணன்: அக்கா, அந்தப் பேச்சு வேணாம். பாத்துப் போங்க, படி வழுக்கும்.

ஹரிணி: அடைச்சிட்டாரு பாரு ஷட்டரை. நம்மளுக்காகத்தான் இவ்வளவு நேரம்… அம்மா, இந்தப் பக்கம். பஸ் ஸ்டாண்டு இப்படி.

சுகுணா: அத்திப்பள்ளி பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?

ஹரிணி: இப்பவேவா போற?

சுகுணா: இப்ப போகலன்னா எனக்கு தைரியம் போயிரும். நீ வீட்டுக்குப் போறதுன்னா போ.

ஹரிணி: நானும் வர்றன். முதல்ல நீ உக்காரு. பையைக் குடு. அந்தா நிக்குது பஸ்ஸு, கிளம்ப நேரமிருக்கு.

சுகுணா: வீடு தெரியாது. விசாரிச்சுக்கலாம். கதவைத் தட்டினதும் என்ன சொல்லுவேன் ஹரிணி? என்னைப் பாத்ததுமே, அண்ணன் எங்கன்னுதான் கேப்பா. நெத்தியைப் பாத்தாலே தெரிஞ்சிரும் அவளுக்கு. இத்தனை நாளு கழிச்சு வந்து சொல்றியாடி பாவின்னு அடிச்சா, அடிக்கட்டும். அடிச்சுட்டா பரவால்ல… உள்ள வான்னு கூப்பிட்டு தண்ணி குடுத்தா என்ன பண்ணுவேன்?

ஹரிணி: குடிம்மா.

சுகுணா: எப்படிக் குடிக்கறது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? மாமியார் செத்தப்ப வந்தவளை வாசல்லயே நிறுத்தினவ நானு. அண்ணன் மூஞ்சியைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடாம பண்ணினவ நானு. எதுல இருந்து ஆரம்பிக்கறது? சொல்லு. நீ படிச்சவதான, சொல்லு.

ஹரிணி: எதையும் சொல்ல வேண்டியதில்லம்மா. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே நான் அத்தைக்கு போன் பண்ணிட்டன். முதல் பஸ்ஸுல வந்தாங்க. நீ மயங்கிக் கிடந்தப்ப அப்பாவைப் பாத்தாங்க. நீ முழிச்சதும், எதுத்தாப்புல சாந்தம்மாக்கா வீட்டுப் பின்கட்டுக்குப் போயிட்டாங்க. மூணு நாளு அங்கதான் இருந்தாங்க. நம்ம வீட்ல அடுப்பு பத்த வெக்கல… சாந்தம்மாக்கா தூக்குல கொண்டாந்தாங்களே சோறு, ஒரு வாய்கூட வேணாம்னுட்டு, ரசத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டு வாங்கிக் குடிச்சியே… அது அத்தை வெச்ச ரசம்.