பிரேக்கை மிதிச்சா ஹோன்

...அது பிரேக், ரீச்சர்! பயப்படாதேங்கோ. நான் ஹோனைத் தொடவே இல்லை. பிரேக்கை மிதிச்சா ஹோன் அடிக்குது, நான் என்ன செய்ய? அந்தக் கழுதையளும் நடுறோட்டில நிண்டு என்னை முறைக்குதுகள். போங்கோவன்!... ஆ, போயிற்றுதுகள். பஸ் போனால் போகட்டும், மன்னாருக்குத்தானே, நான் கொண்டுபோய் விடுறன். ஓலைத்தொடுவாய்க்குப் படிப்பிக்க வந்து ரெண்டு கிழமை, இன்னும் எங்கட லொறியில ஏறேல்லையெண்டா என்ன கதை!

வைப்பரையோ பாக்கிறியள்? மழை இல்லைத்தான். முன் லைற்றைப் போட்டுப் பாத்தன், வைப்பர் ஓடத் தொடங்கீற்றுது. இப்ப நிப்பாட்டினாலும் நிக்குதில்லை. ஓடட்டும், தூசியாவது போகும்.

எல்லாம் அந்த ஹில்மி நானாவால... இல்லை, எங்கட லோறன்ஸால... ரெண்டு பேராலயும்!

லோறன்ஸ் என்ர மனுசன். இந்த லொறி அவருக்கு என்னைவிட மூத்த பெண்சாதி. முப்பத்திரண்டு வருசமா இதிலதான் கடற்கரை மீன் வாடியளுக்கு ஐஸ் ஏத்துறார். போன மாசம் டாஷ்போட்டுக்குள்ள இருந்து புகை. வயரெல்லாம் கருகி, ஒண்டோடொண்டு ஒட்டி, கிண்டின தொதல் அல்வா மாதிரி. வித்துப்போட்டு வேற வாங்குவம் எண்டன். செத்த வீட்டில நிக்கிற மாதிரி நிண்டார். பிறகு ஹில்மி நானா வந்தார். மன்னாரில கராஜ் வச்சிருக்கிறவர், இவற்ற சின்ன வயசுச் சிநேகிதம். "லோறன்ஸ், வயரை முழுக்கக் கழட்டிப் புதுசாப் போடுவம்" எண்டார். எங்க வச்சு? வெளியில காத்தும் மணலும். என்ர ஹோலுக்க! மூண்டு கிழமை, ரீச்சர்! வயரின்ர ஒரு நுனி வாசலில, மற்ற நுனி குசினியில. தாண்டித் தாண்டித்தான் தேத்தண்ணி கொண்டுபோனன். ரெண்டு கிழவன்களும் நிலத்தில குந்தியிருந்து, சிவப்பாம், பச்சையாம், ஒரே சிரிப்பு...

பொறுங்கோ, இடப்பக்கம் திரும்பப்போறன். கையை வெளியில நீட்டுங்கோ. சிக்னலைப் போட்டா உள் லைற்தான் பத்தும். இன்னும் நல்லா நீட்டுங்கோ... கெட்டிக்காரி!

பூட்டி முடிஞ்ச அண்டைக்கு ஃபாதர் ஆசீர்வதிக்க வந்தார். முன்னுக்கு நிண்டு தீர்த்தம் தெளிக்கிறார். லொறி உருளக்கூடாதெண்டு இவர் உள்ள இருந்து பக்தியாப் பிரேக்கை மிதிச்சார். பாஆஆம்! ஃபாதர் துள்ளின துள்ளில தீர்த்தம் முழுக்க அவற்ற தலையிலயே! ஐயோ, நான் சிரிச்சு... சிரிக்கக்கூடாதுதான்.

பிறகுதான் வினை. "நீ மாத்திப் பூட்டீற்றாய்" எண்டு இவர். "நான் எழுதி வச்சபடிதான் பூட்டினனான்" எண்டு அவர். நானா தன்ர குறடு, ஸ்பானர் ஆயுதப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். பதினொரு நாள் ரெண்டு பேரும் கதையில்லை. வேற ஆளைப் பிடிப்பமெண்டா, "ஹில்மி கை வச்ச லொறியை ஆர் தொடுறது?" எண்டு இவர் பாயுறார். அப்ப ஹில்மியைக் கூப்பிடுங்கோவன் எண்டா, அதுவும் மாட்டாராம்! ஐஸ் ஓட்டம் இல்லை, சாப்பாடும் ஒழுங்கில்லை. நேற்று லொறிக்குள்ள தனிய இருந்து பிரேக்கை மிதிக்கிறார். பாம்... பாம்... எனக்குத் தாங்கேல்லை. இண்டைக்கு மனுசன் விடத்தல்தீவுக்குப் போன கையோட லொறித் திறப்பை எடுத்திட்டன்.

ரீச்சர்... நீங்கள் புது ஆள், ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள் என்ன? அந்த வயருகளின்ர ஒவ்வொரு நுனியிலயும் ஹில்மி நானா கடதாசித் துண்டு ஒட்டியிருந்தவர். இது ஹோன், இது பிரேக் லைற் எண்டு. எங்கட மகள் டினோஜாவைப் பொம்பிளை பாக்க ஆக்கள் வந்தவை. ஹோல் கிடந்த கிடை! நான் எல்லாத்தையும் சுருட்டி அறைக்குள்ள இழுத்தன். துண்டெல்லாம் கழண்டு கொட்டுண்டு போச்சு, ரெண்டு கை நிறைய! ஆக்கள் போனாப்பிறகு திருப்பி ஒட்டினன். எது எதில எண்டு எனக்கென்ன தெரியும்? வடிவாத்தான் ஒட்டினன்... சிரிக்காதேங்கோ... சரி, சிரியுங்கோ. எனக்கும் சிரிப்புத்தான் வருது, பயமும் வருது.

இதுதான் கராஜ். நீங்கள் இறங்கிப் போய்ச் சொல்லுறியளே, படிச்ச ஆள் சொன்னா... பாஆஆம்! ஐயோ மாதாவே, வெளியில வந்திட்டார்.

நானா... துண்டுகளை மாறி ஒட்டினது நான். லோறன்ஸுக்குத் தெரியாது. உங்களிலயும் பிழையில்லை, அவரிலயும் பிழையில்லை.

...ஏன் நானா தலையில கை வைக்கிறியள்? ...சிரிக்கிறியளோ? ...ஆருக்குப் போன்? அவருக்கோ! ரீச்சர், அவருக்குத்தான் எடுக்கிறார்! "மச்சான்" எண்டுறார், கேட்டனீங்களோ? ...ரீச்சர்? எங்க ஆளைக் காணேல்லை? இறங்கிப் போயிற்றாவோ, ஒரு சொல் சொல்லாம!

சரி, போகட்டும். நானா, அந்தப் போனைச் சத்தமாப் போடுங்கோ. அவர் சிரிக்கிறாரோ? ...இல்லை, நான் ஒண்டும் கதைக்கேல்லை. சும்மா நிண்டு கேக்கிறன்.