அக்மாவன்னா அக்காவா?

— பாத்து ஒக்காருங்க. பை அமுங்கிறப் போவுது.

— பேராதனை ஆஸ்பத்திரி வாசல்ல ஏறி கண்டி வர்ற வரைக்கும் ஒருத்தனும் எடம் குடுக்கல பாலம்மா. வயித்துல ஒட்டியிருக்கிற மலப்பைய தொறந்து காட்டியிருந்தா முழு பஸ்ஸும் காலியாகியிருக்கும்.

— சிரிக்காதீங்க... தையல் பிரிஞ்சிரும்.

— பிரியட்டும். கொடல்ல ஒரு முழம் வெட்டி எடுத்தாச்சு. ஆளு பாதி, தையல் பாதி.

— இன்னைக்கி கிளினிக்ல டாக்டர் என்னதான் சொன்னாரு?

— சொன்னேன்ல? புத்துநோய முழுசா எடுத்தாச்சாம். ராசா மாதிரி இருக்கலாமாம்.

— அதுக்கா அம்புட்டு நேரம் பேசினாரு?

— சிங்களத்துல எல்லாம் நீளம்டி. நகரசபையில கிளாக்கா இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

— அக்மாவ, அக்மாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே... அது என்னா?

— அதுவா... அக்காவ. என் அக்காவக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.

— ஒங்க அக்கா செத்து கருமாதியும் முடிஞ்சு போச்சே!

— அதத்தான் நானும் சொன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு.

— ஏங்க...

— என்னா?

— திங்கக்கெழம மருந்து ஏத்த வரச் சொன்னாரா இல்லையா?

— அது... சத்து மருந்து. வேணாம்னுட்டேன். இருக்கிற நாலு முடியும் கொட்டிப் போனா சீப்புக்கு வேல இல்லாமப் போயிரும்.

— சத்து மருந்துக்கு முடி கொட்டுமா?

— நீ என்னா சிஐடியா? பஸ் வருது, எந்திரி.

— அது மாத்தளை பஸ். வத்தேகம பஸ் இன்னும் வரல, ஒக்காருங்க. நீங்க உள்ள சட்ட மாட்டுறப்ப நர்ஸ் புள்ளகிட்ட கேட்டேன். அக்மாவன்னா ஈரலாம். ஈரலுக்குப் பரவிருச்சாம்.

— பாலம்மா...

— பொறவு டாக்டர்ட்டயும் போனேன்.

— ஒன் காய் விக்கிற சிங்களத்த வச்சுக்கிட்டா? ஐயோ, மானத்த வாங்கிட்டியே!

— மருந்து ஏத்தலன்னா ஒரு வருஷமே கஷ்டமாம். ஏத்தி, ஈரல்ல உள்ளது சுருங்கினா, அதையும் வெட்டிப் பாக்கலாமாம். ரெண்டு வருஷம், மூணு வருஷம்... அதுக்கு மேல இருக்கிறவங்களும் இருக்காங்களாம். ஆனா கையடிச்சுச் சொல்ல முடியாதாம்.

— நீ பயந்துருவியேன்னுதான்டி மறைச்சேன். எனக்கே பயமாத்தான் இருக்கு.

— பயம் இருக்கட்டும். பயந்துக்கிட்டே வாங்க. திங்கக்கெழம கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.

— இம்புட்டையும் சிங்களத்துல பேசினியா நீ? சும்மா சொல்லாத.

— கேக்கிறதுக்கு நர்ஸ் புள்ள ஒதவி செஞ்சுச்சு. கடைசில ஒன்னுதான் நானா பேசினேன். வேற சிங்களம் வாயில வரல. சந்தையில ஆளுக தராசப் பாத்துக்கிட்டு என்கிட்ட கேப்பாங்கல்ல... அதே மாதிரி, 'தவ டிக்கக் தென்ன மாத்தயா', இன்னுங் கொஞ்சம் போட்டுக் குடுங்க ஐயான்னு அழுதுகிட்டே கேட்டேன்... அந்த மனுசன் சிரிக்கவே இல்லங்க.